அமாவாசை மதியம் நெய்வேலியில் இறங்கிய விமானம்

நெய்வேலிக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் போவார்கள், படித்தவர்கள் போவார்கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் போவார்கள். நான் அங்கே பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை வளர்ந்தவன். அப்பா சுரங்கத்தில் கனரக வண்டிகளுக்கு மெக்கானிக். அவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டோம். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. யாராவது கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன், அவ்வளவுதான்.

போன ஏப்ரலில் கூப்பிட்டார்கள். நான் ஒரு பெரிய விமான நிலையத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். பாதுகாப்பு என்றதும் பையைத் திறந்து காட்டச் சொல்கிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். என் சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வேலை வேறு. ஓடுபாதையில் நாய் வருமா, இறங்கும் விமானத்தில் பறவை மோதுமா என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று எடைபோட்டு, குறைக்க வழி சொல்ல வேண்டும். அபசகுனம் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். நெய்வேலி டவுன்ஷிப் ஓரத்தில் இருக்கும் சிறிய விமானத் திடலை இப்படி ஒருமுறை பார்த்துச் சொல்ல நான்கு நாள் வேலை. யார் கூப்பிட்டார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை 6.15க்குக் கிளாம்பாக்கத்தில் அரசு பஸ். டிக்கெட் 195 ரூபாய், ஏறக்குறைய நூற்று எழுபது கிலோமீட்டர். விக்கிரவாண்டி தாண்டி ஒரு மோட்டலில் கால் மணி நேரம் நிறுத்தினார்கள். அங்கே தோசை சாப்பிடாதீர்கள், டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பண்ருட்டி வந்ததும் ஜன்னல் வழியாகப் பலாப்பழ வாசனை பஸ்ஸுக்குள் ஏறியது. சாலையோரம் பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயதில் இந்த வாசனை வந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்து, கண்ணில் தூசியா தம்பி என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முத்தாண்டிக்குப்பம் போர்டைத் தாண்டி, முந்திரித் தோப்புகளும் தாண்டி, 11.05க்கு ஆர்ச் கேட்டில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். டிரைவரிடம் பிளாக் நம்பரைச் சொன்னதும், "பர்மனென்டா சார், கான்ட்ராக்டா?" என்று கேட்டார். ரெண்டும் இல்லை, இங்கே வளர்ந்தவன் என்றேன். அப்படியென்றால் உங்களுக்கு வழி சொல்ல வேண்டாம் என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். ஆனால் எனக்கு வழி மறந்துதான் போயிருந்தது. ஒரே மாதிரி நேர்ச் சாலைகள், ஒரே மாதிரி வீடுகள், இருபக்கமும் கூடாரம் மாதிரி மரங்கள். நாங்கள் இருந்தபோதே விருந்தாளிகள் வீடு மாறிப் போய் அடுத்த குவார்ட்டர்ஸில் காபி குடித்துவிட்டு வந்த கதை எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

தங்கியது குமரவேல் வீட்டில். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், இப்போது அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் என்ஜினியர். அவன் மனைவி பானு பள்ளிக்கூட டீச்சர். அன்று இரவு ஏழு மணிக்கு மூன்று பேரும் நான் பிறந்த குவார்ட்டர்ஸைப் பார்க்க நடந்து போனோம். இப்போது இருப்பவர்கள் வாசலில் மல்லிகைப் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே வாங்க என்று கூப்பிட்டார்கள், நான்தான் போகவில்லை. அந்தக் காலத்தில் இடது பக்க வீட்டில் ஒரு கோயம்புத்தூர் அத்தை இருந்தார், வலது பக்கத்தில் நாகர்கோவில்காரர்கள், எதிரே மதுரை. நாங்கள் பிள்ளைகள் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே நான்கு ஜில்லாவைப் பேசுவோம். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், இது எந்த ஊர்த் தமிழ்டா என்று தாத்தா தலையில் அடித்துக்கொள்வார். கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டையில் கரித்தூள் படிந்தால் அம்மா சுரங்கத்தைத் திட்டுவாள். அந்தச் சுரங்கத்திலிருந்துதான் அப்பா சாயங்காலம் டிபன் கேரியரோடு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். பஸ் திரும்பும் முனையில் நின்றுகொண்டு, இறங்குகிறவர்களின் காலை மட்டும் பார்த்து அப்பாவைக் கண்டுபிடிப்பது எனக்கு ஒரு விளையாட்டு. எல்லாரும் ஒரே மாதிரி சேப்டி ஷூ போட்டிருப்பார்கள். ஆனாலும் நான் ஒரு நாளும் தோற்றதில்லை.

இனி வேலை. திடல் குமரவேல் வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிஷம், நான்கு கிலோமீட்டர். சின்ன வயதில் எப்போதாவது பெரிய மனிதர்கள் யாராவது விமானத்தில் வந்தால் வேலிக்கு வெளியே நின்று கை காட்டுவோம். இப்போது வேலிக்கு உள்ளே, கழுத்தில் அட்டை தொங்க நிற்கிறேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணி, புதன் காலை ஆறு மணி, மறுபடி ஐந்து மணி என்று பறவைகளை எண்ணினேன். காக்கை, மைனா, கொக்கு, இரண்டு பருந்து. பெரிதாக ஒன்றும் இல்லை. வரைபடத்தில் ஓடுபாதையின் கோட்டை அப்படியே நீட்டிப் பார்த்தபோது, விமானம் இறங்குகிற வழி குமரவேல் இருக்கிற பிளாக்கின் மேலே போனது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்ப என் வூட்டு மொட்ட மாடிக்கு வாடகை கேக்கலாம்" என்றான்.

வியாழக்கிழமை ஒரு சிறிய விமானம், நான்கு பேர் உட்காரக்கூடியது, ஓடுபாதையைப் பார்க்க வருவதாக இருந்தது. நாளையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தது நான். பறவைகள் விடியற்காலையும் சாயங்காலமும்தான் அதிகம் பறக்கும், உச்சி வெயிலில் அடங்கிவிடும். அதனால் மதியம் 1.15 என்று எழுதிக் கொடுத்தேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் மூக்குடைபட்டது இதில்தான்.

திடலில் புல் வெட்டும் ஏழு பேர் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வருகிறவர்கள், எல்லாரும் கான்ட்ராக்ட். அவர்களில் மூத்தவர் அஞ்சலை, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு திடலில் எங்கே என்ன ஓட்டை என்று காகிதம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியாது, இப்படி நாள் முழுக்கக் காலால் நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் புதன்கிழமை அவர்களை உட்கார வைத்துப் பேசினேன். ஆபத்தாக எதையாவது பார்த்தால் சொல்லுங்கள், தவறு உங்களுடையதாக இருந்தாலும் சொல்லுங்கள், சொன்னதற்காக யாரும் உங்களை எதுவும் செய்யக்கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி என்று நீட்டி முழக்கினேன். பின்னால் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அஞ்சலை மட்டும் வாயைத் திறந்தார்.

"நாங்க என்னாத்தங்க சொல்றது. புல்லு வெட்டிகினு கெடக்கறோம். பிளேன பத்தி நீங்கதான் சொல்லணும்."

பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு அட்டைப் பெட்டியும் வைத்தேன். மறுநாள் திறந்தபோது அதில் யாரோ வெற்றிலை மடித்து வந்த காகிதம் ஒன்று இருந்தது. இவர்கள் வாயைத் திறக்காவிட்டால் நான் எழுதும் அறிக்கை வெறும் காகிதம். எனக்கு அது தெரியும், ஆனால் எப்படித் திறக்க வைப்பது என்று தெரியவில்லை. எரிச்சலாக வந்தது. அவர்கள் மேல் எரிச்சல்பட்டேன் என்பதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வியாழன் காலை நான் திடலுக்குக் கிளம்பும்போது பானு, "அண்ணா, இன்னைக்கு அமாவாசை. அப்பாவுக்கு வைக்கணும்ல, பன்னண்டரைக்கு வந்துட்டுப் போங்க" என்றாள். அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. அமாவாசையன்று காக்கைக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதில்லை. கடல் கடந்து பயிற்சிக்குப் போனபோதுகூட ஹோட்டல் ஜன்னலில் பிரெட் துண்டு வைத்தேன், அங்கே காக்கை வராமல் புறா தின்றுவிட்டுப் போனது. விமானம் 1.15க்குத்தானே, வந்துவிடலாம் என்று 12.20க்குத் திடலிலிருந்து பைக்கை எடுத்தேன்.

பானு வாழை இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாள். மாடிச் சுவரில் இலையை வைத்துத் தண்ணீர் சுற்றிவிட்டு "கா கா" என்று கூப்பிட்டேன். இந்த ஊரில், அப்பா இருந்த ஊரில், அவருக்குச் சோறு வைப்பது இதுதான் முதல் தடவை. ஒரு காக்கை வந்தது, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியவில்லை. அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். பக்கத்து மாடியில் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர் மாடியில் ஒரு அம்மா. அந்த வரிசையில் பாதி வீட்டுச் சுவரில் இலை. பிளாக் முழுக்கக் காக்கைக் கூட்டம் மேலும் கீழுமாகப் பறந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷம் போன் அடித்தது. திடலிலிருந்து பேசினார்கள். காற்று சாதகமாக இருந்ததால் விமானம் முன்கூட்டியே வந்துவிட்டதாம், இறங்கப் போகிறதாம்.

சொல்லி முடிப்பதற்குள் சத்தம் கேட்டது. கையில் தண்ணீர்ச் செம்போடு நான் அண்ணாந்து பார்க்கிறேன், என் தலைக்கு மேலே நானே கோடு போட்ட வழியில் விமானம் தணிந்து வருகிறது. அந்தச் சத்தத்துக்கு எல்லாச் சுவர்களிலிருந்தும் காக்கைகள் ஒரே சமயத்தில் எழும்பின. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, வலது பக்கம் ஒடித்து, பெரிய வட்டம் அடித்தது. மறுபக்கத்திலிருந்து வந்து 12.52க்குப் பத்திரமாக இறங்கியது. நான் சாப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். பைலட் ஒரு இளைஞர். "நிறைய காக்கா சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

அன்று மாலை எண்ணுவதற்கு நான் போகவில்லை. குமரவேலோடு மெயின் பஜாரில் டீ குடித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் சோறு வைத்தது திடலில் ஒருவருக்கும் தெரியாது. நான் வைக்காவிட்டாலும் காக்கைகள் வந்திருக்கும். அறிக்கையில் 'இறங்கும் வழியில் பறவைகள் காணப்பட்டன' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஆனால் நாளையும் நேரத்தையும் குறித்தது நான். இந்த ஊரில் பதினெட்டு வருஷம் ஒவ்வொரு அமாவாசையும் அந்தக் காக்கைகளைப் பார்த்து வளர்ந்துவிட்டு, காலண்டரைப் பார்க்காமல் குறித்தேன். போதாததற்கு வரைபடத்தில் கோடு போட்ட அதே வீட்டு மாடியில் நின்று கையால் கூப்பிட்டேன். இதே தவறை வேறு யாராவது செய்திருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று நான் அவரிடம் பேப்பரையும் பேனாவையும் நீட்டியிருப்பேன். பதினான்கு வருஷமாக நீட்டியிருக்கிறேன். "விடுடா, அப்பாவுக்கு வச்ச சோறு, அத ஏன் ஆபீஸ் பேப்பர்ல எழுதற" என்றான் குமரவேல். அவன் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு முன், நெய்வேலிக்குப் போகிறவர்களுக்கான குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். ஏப்ரலில் போனால் பலா கிடைக்கும், வெயிலும் கிடைக்கும், தொப்பி அவசியம். ரயிலில் வருவதானால் விருத்தாசலத்தில் இறங்கிப் பஸ் பிடிப்பது சுலபம், முக்கால் மணி நேரம். டவுன்ஷிப்பில் தங்க விடுதிகள் குறைவு, தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் வெளியே வடக்குத்துப் பக்கம் தனியார் லாட்ஜ்கள் உண்டு, எண்ணூறு ரூபாயிலிருந்து. சுரங்கத்தைப் பார்க்க முன்அனுமதி வேண்டும், கேட்டில் போய் நின்று கெஞ்சினால் விட மாட்டார்கள். விமானத் திடலுக்குள்ளும் அப்படியே. பிளாக்குகளுக்குள் காலை ஆறரை மணிக்கு ஒரு நடை போய்வாருங்கள். முதல் ஷிப்ட் போன பிறகு அந்தச் சாலைகளில் ஒரு அமைதி இருக்கும். நான் எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன், அந்த அமைதி வேறெங்கும் கிடைக்கவில்லை.

வெள்ளி காலை எட்டு மணிக்குத் திடலின் ஷெட்டில் கடைசிக் கூட்டம். சூப்பர்வைசர், அலுவலகத்தார் இருவர், அந்த ஏழு பேர். நான் முதலில் என் பெயரை எழுதிய தாளை எடுத்து வாசித்தேன். நாள் குறித்தது, காலண்டர் பார்க்காதது, இலை போட்டுக் காக்கையைக் கூப்பிட்டது, எல்லாம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசர், "சார், இதெல்லாம் சாமி விஷயம், எழுதாதீங்க" என்றார், நல்ல எண்ணத்தில்தான். ஜனங்களிடம் காக்கைக்குச் சோறு வைக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, அப்படிச் சொன்னாலும் கேட்க மாட்டார்கள், விமானத்தின் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். அமாவாசையன்று பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை எதுவும் இறங்கக்கூடாது. அலுவலகத்தில் ஒரு தினசரிக் காலண்டர் மாட்ட வேண்டும். இதை என் தவறுக்குக் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போடும்போது காது சூடாகிவிட்டது.

பிறகு அஞ்சலை எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வேலில அந்தாண்ட ஒரு எடத்துல கம்பி பிரிஞ்சி கெடக்குதுங்க. நாங்கதான் பிரிச்சோம். கேட்டு வழியா சுத்திகினு வூட்டுக்குப் போனா மூணு மைலு. அது வழியா போனா அர மைலுதான்."

சூப்பர்வைசரின் முகம் மாறியது. அஞ்சலை அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார். நேற்று அந்த வழியாக ஆடுகள் உள்ளே வந்துவிட்டன, ஐந்து ஆடு. ஓடுபாதையை அவர்கள் ரோடு என்றுதான் சொல்வார்கள். நடு ரோட்டில் ஆடுகள் நின்றிருக்கின்றன. ஷெட்டில் இருந்த எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொத தபா பிளேனு வரச்சொல்ல நாங்க ஆட்ட ஓட்டிகினு இருந்தோம். அது மேல போயி சுத்திகினு வந்திச்சி பாருங்க, அதுக்குள்ளதான் வெளிய தள்ளனோம். இல்லன்னா என்னா ஆயிருக்குமோ. ராத்திரி சோறு எறங்கல."

நான் காக்கையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் மருகியிருக்கிறேன். ஓடுபாதையில் ஐந்து ஆடு நின்றது எனக்குத் தெரியாது. தெரியாமலே ஊர் திரும்பும் 11.30 பஸ்ஸில் ஏறியிருப்பேன். அப்பாதான் காப்பாற்றினார் என்று குமரவேல் பின்னால் சொன்னான். மகனாக எனக்கும் அப்படி நம்ப ஆசைதான், ஆனால் அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது.

வேலியை அடைத்துவிட்டு எங்களையும் அனுப்பிவிடுவார்களா என்று அஞ்சலை கேட்டார். மாட்டார்கள் என்று சொல்லிவிட எனக்கு அதிகாரம் இல்லை. அதைச் சொன்னேன். அறிக்கையின் முதல் வரியாக, இதைச் சொன்னவர்கள் மேல் எந்த நடவடிக்கையும் கூடாது, அந்த இடத்தில் பூட்டோடு ஒரு சிறு கதவு வைக்க வேண்டும் என்று அவர்கள் எதிரிலேயே எழுதினேன். அலுவலகத்தார் இருவரும் கையெழுத்துப் போடும் வரை நகரவில்லை. 11.30 பஸ் போய்விட்டது. அடுத்தது 1.10.

மூன்று வாரம் கழித்து அஞ்சலையின் நம்பருக்குப் போன் செய்தேன். ஏழு பேரும் வேலையில் இருக்கிறார்கள். கதவு வைத்தாகிவிட்டது. சாவி யாரிடம் இருக்கிறது, சூப்பர்வைசரிடமா என்று கேட்டேன்.

"எங்கிட்டதாங்க. பூட்டிட்டு ஒரு தபா இழுத்துப் பாத்துட்டுதான் வூட்டுக்குப் போறேன்" என்றார்.